ஆய்வுகூடத்திலும் ஒரு நாற்றுமேடை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வாழும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களிற் பல, மண்ணை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. காணி திரும்பக் கிடைத்தவர்கள் காலபோக விதைப்புக்கு ஊருக்குப் போகிறார்கள். கிடைக்காதவர்கள் உறவினரின் வயலில் கூலிக்கு இறங்குகிறார்கள். சேற்றில் நின்று வேலை முடித்துக் கொழும்பு திரும்பி, ஒன்றிரண்டு கிழமை கழிந்தபின் காய்ச்சல் வருகிறது. நகரத்துக் காய்ச்சல் என்றால் டெங்கு என்பதே முதல் எண்ணம். நோயாளி எங்கே வேலை செய்தார் என்று பலவேளை எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

சொல்லாமல் விட்ட இந்த ஒரு செய்தியால் உயிரே போகக்கூடும். ஏன் என்று விளங்கிக்கொள்ள, ஆய்வுகூடத்திலே கிருமிகளை எவ்வாறு வளர்க்கிறார்கள் என்று நாம் அறிந்திருப்பது நல்லது.

கிருமியை ஏன் வளர்க்க வேண்டும்?

காய்ச்சற்காரரின் இரத்தத்தில் நோய்க்கிருமிகள் மிகச் சிலவாகவே இருக்கலாம். நுணுக்குக்காட்டியில் தேடினாலும் அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் பல கிருமிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். களையா, பயிரா என்று விதையில் தெரியாவிட்டால் முளைக்கவிட்டுப் பார்க்கிறோம் அல்லவா? ஆய்வுகூடமும் அதையே செய்கிறது. இரத்தம், சீழ், சளி ஆகியவற்றில் ஒன்றை எடுத்து, கிருமிக்கு ஏற்ற உணவில் இட்டு, நம் உடற்சூடான 37 பாகை வெப்பத்தில் வைக்கிறார்கள். ஒரு பற்றீரியா இரண்டாகி, இரண்டு நான்காகி, மறுநாள் கண்ணுக்குத் தெரியும் கடுகளவு புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளியைக் கொண்டு கிருமியின் இனத்தை அறிகிறார்கள். எந்த மருந்துக்கு அது மடியும் என்றும் பரீட்சிக்கிறார்கள்.

இந்த நாற்றுமேடையின் ‘மண்’ கடலிலிருந்து வந்தது. ஜேர்மனியில் றொபேட் கொக் என்ற மருத்துவரின் ஆய்வுகூடத்தில் முதலில் ஜெலற்றினையே பயன்படுத்தினர். உடற்சூட்டில் அது உருகிவிடும். அங்கு பணியாற்றிய வோல்ற்றர் ஹெஸ் என்பவரின் மனைவி ஃபனி ஹெஸ், தம் சமையலறையில் பயன்படுத்திய அகர் அகரை 1881இல் சொல்லிக் கொடுத்தார். நம் நாட்டில் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசி இனிப்பும் இதே பொருள்தான். இன்று உலகெங்கும் கிருமி வளர்க்கும் தட்டுகளில் இருப்பது இதுவே.

நாற்றுமேடையில் வேறு விதை விழக்கூடாது. ஆகவே தட்டும் உணவும் முதலில் நீராவி அழுத்தத்தில், 121 பாகையில், கால்மணி நேரமளவு அவிக்கப்படுகின்றன.

கொழும்பில் ஒரு பழைய வரலாறு

பொரளையில் உள்ள வைத்திய ஆராய்ச்சி நிலையம் 1900ஆம் ஆண்டில் பற்றீரியவியல் நிலையமாகத் தொடங்கியது. 1903 முதல் அதை நடத்திய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானி, நம் கிராமங்களை வாட்டிய பறங்கிப் புண்ணின் கிருமியை 1905இல் இலங்கையிலேயே கண்டறிந்தார். புண்ணிலிருந்து எடுத்த நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தே அவர் கண்டார். அக்கிருமி அகர் தட்டில் இன்றும் வளராது. எனவே, ‘வளரவில்லை’ என்று அறிக்கை வந்தால் ‘கிருமி இல்லை’ என்று பொருளல்ல. டெங்கு போன்ற வைரசுகளும் வெறும் உணவில் வளரமாட்டா. உயிருள்ள கலங்களை முதலில் வளர்த்து, அவற்றினுள்ளேதான் வைரசை வளர்க்க முடியும்.

சேற்றுக் கிருமிகள் இரண்டு

வயலில் இறங்குவோர் இரண்டு நோய்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது மெலியோய்டோசிஸ். இதன் பற்றீரியா மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்ந்து, காலிற் பட்ட கீறல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுள் புகுகிறது. காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடலில் ஆங்காங்கே சீழ்க்கட்டி ஆகியன இதன் குணங்கள். நீரிழிவு உள்ளவர்களையே இது கூடுதலாகத் தாக்கும். சில நாட்களில் உயிரையும் பறிக்கும். 1911இல் இரங்கூனில் அல்பிரட் விற்மோர், சி. எஸ். கிருஷ்ணசுவாமி ஆகிய மருத்துவர்கள் இந்நோயை இனங்கண்டனர். இலங்கையில் முதல் நோயாளி பற்றிய செய்தி 1927இல் வெளியாயிற்று. அதன் பின்னர் பல பத்தாண்டுகள் இங்கு இந்நோய் மிக அரிது என்றே கருதப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2006இன் பின் முறையாகத் தேடத் தொடங்கியபோது, நாட்டின் பல பாகங்களிலும் நோயாளர் இருப்பது தெரியவந்தது.

நோய் அதுவரை மறைந்திருந்தது எப்படி? தட்டில் இக்கிருமி முளைத்தாலும், ‘இது மண்ணில் உள்ள ஏதோ சாதாரண பற்றீரியா, தவறிக் கலந்துவிட்டது’ என்று ஒதுக்கிவிட இடமுண்டு. தேடுவது இதுதான் என்று தெரிந்தால் அஷ்டவுண் ஊடகம் என்ற விசேட உணவில் வளர்க்கலாம். அதில் ஜென்ராமைசின் என்ற மருந்து கலந்திருக்கும். மற்றக் கிருமிகள் பல அதற்கு மடிய, இது மட்டும் தப்பி வளர்ந்து சுருக்கம் விழுந்த ஊதாப் புள்ளியாகும். களைநாசினி அடித்தபின் நெல் மட்டும் நிற்பதைப் போன்றது இது. சாதாரண மருந்துகள் பல இதை மாற்றா என்பதும் இதிலிருந்தே விளங்கும். சரியான மருந்தை முதலில் நாளம் வழியாக ஏற்றி, பின் மாதக்கணக்கில் குளிசையாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது எலிக்காய்ச்சல். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வருகிறது. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகி, 200 பேரளவில் இறந்தனர். 2024 டிசம்பரில் மழை வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் பலரைப் பலிகொண்ட ‘மர்மக் காய்ச்சலும்’ பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்றே தெரிந்தது.

இதன் கிருமி மிக மெதுவாக வளரும். 30 பாகை அளவில், திரவ உணவில், கிழமைக்கணக்கில், சிலவேளை மூன்று மாதம்வரை காத்திருக்க வேண்டும். நோயாளி அதுவரை தாங்கமாட்டார். ஆகவே மருத்துவர் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவார். நோயை உறுதிசெய்ய வேறு வழியுண்டு. ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே உயிருடன் வளர்த்து வைத்திருக்கும் எலிக்காய்ச்சற் கிருமிகளுடன் நோயாளியின் இரத்த நீரைக் கலப்பார்கள். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தால் கிருமிகள் ஒன்றுதிரளும். அந்தச் சக்தி உண்டாக ஒரு கிழமையளவு ஆகும். முதற் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தபின்னும் மீண்டும் இரத்தம் கேட்பது இதனாலேயே.

நாம் செய்ய வேண்டியவை

1. காய்ச்சலுடன் மருத்துவரிடம் போனால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: “டொக்டர், நான் இன்ன திகதியில் வயற் சேற்றில் நின்றேன்.” நீரிழிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்தக் கிருமியைத் தேடுவது, எந்த உணவில் இடுவது என்று ஆய்வுகூடம் தீர்மானிக்க இச்செய்தி வேண்டும்.

2. பாமசியில் நீங்களாகவே அன்ரிபயோற்றிக் குளிசை வாங்கி விழுங்காதீர்கள். அரைகுறை மருந்து நோயைத் தீர்க்காது. ஆனால் தட்டில் கிருமி முளைக்காமற் செய்துவிடும். கூடியவரை முதலில் இரத்தம் கொடுங்கள். பின் மருந்தை உடனே தொடங்கட்டும்.

3. இரண்டாம் முறை இரத்தம் கேட்டால் மறுக்காதீர்கள். குணமான பின்னும் குளிசைகளைச் சொன்ன காலம்வரை எடுங்கள்.

4. விதைப்புக்கு முன் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். எலிக்காய்ச்சல் ஆபத்துள்ள இடங்களில் டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் அதை எடுக்கக்கூடாது.

5. காலிற் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். முடிந்தால் சப்பாத்து அணியுங்கள். வேலை முடிந்ததும் சுத்தமான நீரில் கால் கழுவுங்கள்.

இடம்பெயர்ந்தவரின் முகவரிச் சீட்டில் கொழும்பு என்று இருக்கும். அதைப் பார்க்கும் எவருக்கும் அவர் காலிற் பட்ட சேறு தெரியாது. அதை நாமேதான் சொல்ல வேண்டும்.