நிலத்துக்கடியில் ரயில் வரும்போது மேலே ஓடும் பஸ்சுக்கு என்ன நடக்கும்? – ஸ்காபரோவின் கேள்வி

கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதிதான் ஸ்காபரோ. போருக்குத் தப்பி வந்த எங்கள் சனம் நெருக்கமாகக் குடியேறிய இடங்களில் ஒன்று. ஊரில் இருக்கும் பலருக்கு அங்கே ஒரு பிள்ளையோ சகோதரமோ இருப்பார்கள். அந்த ஸ்காபரோவில் 2021ஆம் ஆண்டு முதல் நிலக்கீழ் ரயில் பாதை ஒன்றுக்கான வேலை நடந்து வருகிறது. இதுவரை கென்னடி நிலையத்தோடு முடிந்த ரயில் பாதை மேலும் 7.8 கிலோமீற்றர் நீளப் போகிறது. லோறன்ஸ்–மக்கவன் சந்தி, ஸ்காபரோ சென்ரர், ஷெப்பர்ட்–மக்கவன் சந்தி என்று மூன்று புதிய நிலையங்கள் வரவிருக்கின்றன.

ரயில் எப்போது திறக்கப்படும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதே வீதியில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் பஸ் என்னவாகும் என்று கேட்பவர்கள் குறைவு.

நான் மக்கவன் வீதிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். 16ஆம் இலக்க பஸ்தான் என் அன்றாட வாகனம். வன்னியில் 2009இல் செல் துண்டு பட்ட முழங்காலோடு வாழ்கிறேன் என்பதால், பஸ் தரிப்பிடம் வீட்டு வாசலில் இருந்து எத்தனை அடி என்பது எனக்குச் சின்ன விடயமல்ல. ரயில் வருவதை நான் எதிர்க்கவில்லை. அது எங்கள் பகுதிக்கு மிகவும் தாமதமாகக் கிடைக்கும் ஒரு நன்மை. ஆனால் ரயில் வந்த இடங்களில் பஸ்சுக்கு என்ன நடந்தது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால்தான் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கலாம்.

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர் உதாரணமே போதும். போரினால் அழிந்துபோன வடக்கு ரயில் பாதை மீண்டும் போடப்பட்டு, 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அதற்காக ஏ9 வீதியில் பஸ்கள் இல்லாமல் போகவில்லை. கொழும்புக்குப் போகிறவருக்கு ரயில் வசதி. ஆனால் பிரதான வீதியில் ஒரு ஒழுங்கை முகப்பில் நின்று கைகாட்டி ஏறி, ஆறேழு மைல் தள்ளி இன்னொரு ஒழுங்கை முகப்பில் இறங்குகிறவருக்கு பஸ்தான் தேவை. இருவரும் ஒரே திசையில்தான் போகிறார்கள். ஆனால் அவர்களுடைய பயணம் ஒன்றல்ல.

நகரத்துக்குள்ளும் இதே கணக்குத்தான். உதாரணத்துக்கு ஒருவர் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் உள்ள கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் என்றால் தரிப்பிடத்துக்கு இரண்டு நிமிட நடை, ஐந்து நிமிடக் காத்திருப்பு, ஆறு நிமிடப் பயணம். மொத்தம் 13 நிமிடம். ரயில் என்றால் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை, கீழே இறங்க மூன்று நிமிடம், காத்திருப்பு மூன்று, பயணம் மூன்று, மேலே ஏற மூன்று, பிறகு கடைக்கு இன்னொரு பத்து நிமிட நடை. மொத்தம் 32 நிமிடம். ரயில் பஸ்சை விட வேகமாக ஓடியும் பயணிக்கு நேரம் கூடிவிடுகிறது.

அதே ஆள் 15 கிலோமீற்றர் தள்ளி நகர மையத்துக்குப் போனால் கணக்குத் தலைகீழாகும். சிக்னலிலும் தரிப்பிடத்திலும் நின்று நின்று போகும் பஸ்சுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். ரயிலுக்கு அதில் பாதி போதும். நீண்ட பயணத்துக்கு ரயில், குறுகிய பயணத்துக்கு பஸ் என்பதுதான் இதன் சாரம். ரயில் திறந்த மறுநாள் நீண்ட பயணக்காரர் எல்லோரும் கீழே போய்விடுவார்கள். மேலே பஸ்சில் மிஞ்சப்போவது குறுகிய பயணக்காரரும் நடக்க முடியாதவர்களும்தான்.

பஸ் ஏன் குறைக்கப்படுகிறது?

பஸ்சை நடத்தும் நிறுவனம் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. அவர்களிடம் இருப்பது குறிப்பிட்ட அளவு பஸ்களும் சாரதிகளும்தான்.

ஒரு பஸ் பாதையில் போய்த் திரும்ப ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட வேண்டுமென்றால் ஆறு பஸ்கள் வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒன்று என்றால் இரண்டு போதும். ரயில் வந்ததும் பயணிகள் குறைந்துவிட்ட அந்தப் பாதையிலிருந்து நான்கு பஸ்களை எடுத்து, ரயில் நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் குறுக்கு வீதிகளில் விடலாம். கடதாசியில் பார்த்தால் நியாயமான முடிவு. குறுக்கு வீதியில் இருப்பவர்களுக்கு நன்மையும் கூட.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வருகிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்த பஸ்சுக்கு நேரம் பார்க்காமல் போய் நிற்கலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒன்று வரும் பஸ்சைத் தவறவிட்டால் ஜனவரிக் குளிரில் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். இயன்றவர்கள் கார் வாங்குவார்கள், மற்றவர்கள் போக்குவரத்தைக் குறைப்பார்கள். பயணிகள் மேலும் குறைவார்கள். அடுத்த கணக்கெடுப்பில் “இந்தப் பஸ்சில் ஆட்களில்லை” என்று வரும். முதலில் சேவை குறைந்ததால்தான் ஆட்கள் குறைந்தார்கள் என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.

ரொறன்ரோவின் பழைய அனுபவம்

இது ரொறன்ரோவுக்குப் புதிய விடயமல்ல. கனடாவின் முதலாவது நிலக்கீழ் ரயில் 1954ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி இந்த நகரின் யங் வீதியின் கீழ்தான் ஓடத் தொடங்கியது. அதுவரை மேலே ஓடிய டிராம் வண்டி நிறுத்தப்பட்டது. 1966இல் புளோர் வீதியிலும் ரயில் வந்தது, டிராம் போனது.

புளோர் வீதியின் மையப் பகுதியில் இன்று பகலில் ரயிலுக்கு இணையாக பஸ் இல்லை. பெரிதாக யாரும் குறைப்படுவதும் இல்லை. அங்கே நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம்.

யங் வீதியின் வடக்குப் பகுதி அப்படியல்ல. எக்ளிங்டனைத் தாண்டினால் நிலையங்கள் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் அந்த வீதியில் 97ஆம் இலக்க பஸ் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பெருவீதிக்கு உரிய நெருக்கமான சேவை அல்ல அது. ஷெப்பர்ட் வீதியில் 2002ஆம் ஆண்டு 5.5 கிலோமீற்றர் நீளத்துக்கு ஐந்து நிலையங்களோடு ரயில் வந்தபோதும், மேலே பஸ் முற்றாக நிறுத்தப்படவில்லை. இன்றும் 85ஆம் இலக்க பஸ் அங்கே ஓடுகிறது.

இதில் ஒரு விதியைக் காணலாம். நிலையங்கள் நெருக்கமாக இருந்தால் ரயில் பஸ்சின் வேலையையும் சேர்த்துச் செய்யும். நிலையங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் பஸ் கட்டாயம் தேவை. ஸ்காபரோவுக்கு வரும் பாதை இரண்டாவது வகை. 7.8 கிலோமீற்றருக்கு மூன்று நிலையங்கள் என்றால் சராசரியாக 2.6 கிலோமீற்றருக்கு ஒன்று. இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருப்பவர் 1.3 கிலோமீற்றர் நடக்க வேண்டும்.

முந்திக்கொண்டு குறைத்தால்

இலண்டனின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கு இலண்டனில் இல்போர்ட், மனோர் பார்க் பக்கம் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இல்போர்ட்டிலிருந்து ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் வரை போன 25ஆம் இலக்க பஸ் அவர்களுக்கு நன்கு தெரிந்தது. எலிசபெத் லைன் என்ற புதிய ரயில் 2018 டிசம்பரில் திறக்கப்படும் என்று இருந்தது. பயணிகள் குறைந்ததையும் வரப்போகும் ரயிலையும் காரணம் காட்டி, அதே மாதத்தில் அந்தப் பஸ் நகர மையத்துக்கு முன்னரே, ஹோபர்ன் பக்கத்தோடு நிறுத்தப்பட்டது. பஸ் சொன்ன நாளில் குறைந்தது. ரயிலோ 2022 மே 24ஆம் திகதிதான் மையப் பகுதியில் ஓடத் தொடங்கியது. இடையில் மூன்றரை வருடம்.

ரொறன்ரோவிலும் ரயில் திட்டங்கள் சொன்ன நாளில் முடிவதில்லை. எக்ளிங்டன் வீதியில் 19 கிலோமீற்றர் இலகு ரயில் பாதைக்கு 2011இல் வேலை தொடங்கி, பதினான்கு வருடங்களுக்கு மேல் இழுபட்டது. அவ்வளவு காலமும் அந்த வீதியின் பஸ்தான் தோண்டிய வீதிக்குள்ளால் ஊர்ந்து ஊர்ந்து சனத்தை ஏற்றி இறக்கியது.

பஸ் காப்புறுதி போன்றது என்பதை ஸ்காபரோ 2023இல் நேரில் கண்டது. 1985 முதல் கென்னடியிலிருந்து ஸ்காபரோ சென்ரர் வழியாக மக்கவன் வரை ஓடிய சிறிய ரயில் ஜூலை 24ஆம் திகதி தடம் புரண்டது. ஐந்து பேர் இலேசான காயமடைந்தார்கள். நவம்பரில் மூடுவதற்கு இருந்த அந்த ரயில் அன்றோடு நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து அதன் சுமை முழுவதையும் பஸ்களே ஏற்றன. வீதிகளில் பஸ்சுக்கென்று சிவப்பு நிறத் தனி வழிகள் போடப்பட்டன. ஸ்காபரோ சென்ரரோடு நின்ற பல பஸ்கள் கென்னடி வரை நீட்டப்பட்டன.

எங்கள் பகுதியில் யாருக்கு என்ன?

நன்மையிலிருந்து தொடங்குவோம். லோறன்ஸ்–மக்கவன் சந்தியில்தான் ஸ்காபரோ பொது வைத்தியசாலை இருக்கிறது. தூர இடங்களிலிருந்து அங்கே வேலைக்கும் வைத்தியத்துக்கும் வருபவர்களுக்கு ரயில் பெரிய உதவி. நகர மையத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மாறல் மிச்சம். லோறன்ஸ் வீதியின் 54ஆம் இலக்க பஸ்சும் ஷெப்பர்ட்டின் 85ஆம் இலக்க பஸ்சும் ரயில் நிலையத்தைத் தொட்டுப் போகும் என்பதால் அவற்றின் பயன் கூடும். 2018 முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை முறை மாறினாலும் ஒரே கட்டணம் என்பதால், பஸ்சில் வந்து ரயிலில் ஏறுவதற்கு மேலதிகச் செலவும் இல்லை.

இனி மறுபக்கம். நின்றுபோன சிறிய ரயிலுக்குக் கென்னடியைத் தவிர ஐந்து நிலையங்கள் இருந்தன. புதியதற்கு மூன்று. மிட்லண்ட், எல்ஸ்மியர் போன்ற பழைய நிலையங்களை அண்டி இருந்தவர்களுக்கு இந்த ரயில் கிட்ட வரப்போவதில்லை. அவர்கள் பஸ்சை நம்பித்தான் இருக்க வேண்டும்.

மக்கவன் வீதியில் இன்று 16, 129ஆம் இலக்க பஸ்களில் பகலில் ஏறிப் பார்த்தால் யார் போகிறார்கள் என்று தெரியும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும் அம்மம்மா. மரக்கறிப் பையோடு நிற்கும் ஐயா. ஊன்றுகோலோடு வைத்தியரிடம் போகும் என்னைப் போன்ற ஒருவர். பலருக்கு ஆங்கிலம் ஓடாது. பஸ் என்றால் யன்னலால் பார்த்து இடத்தை அடையாளம் கண்டு இறங்கிவிடுவார்கள். நிலத்துக்கடியில் அந்த வசதி இல்லை.

படிக்கட்டுப் பிரச்சினையும் உண்டு. ரொறன்ரோவின் எல்லா ரயில் நிலையங்களிலும் 2025க்குள் மின்தூக்கி அமைக்க வேண்டும் என்ற இலக்கு எட்டப்படவில்லை. புதிய நிலையங்களில் மின்தூக்கி இருக்கும். ஆனால் அது பழுதாகும் நாளில் ஆழத்திலிருந்து மேலே வர வேறு வழி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பஸ் என்றால் வாசலே தாழ்ந்து கொடுக்கும்.

கடைசியாக இரவு. நிலக்கீழ் ரயில் அதிகாலை ஒன்றரை மணியளவில் நின்றுவிடும். தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் இரவு வேலைக்காரராக இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அதற்குப் பிறகு 300 வரிசை இலக்கங்களில் ஓடும் இரவு பஸ்கள்தான் துணை. மக்கவன் வீதியில் 302ஆம் இலக்கம். ரயில் வந்தாலும் இந்தத் தேவை மாறாது.

எதைக் கேட்க வேண்டும்?

ரயில் பாதையைக் கட்டுவது மாகாண அரசின் மெட்ரோலிங்ஸ் நிறுவனம். ரயிலையும் பஸ்களையும் ஓட்டப் போவது நகரின் ரிரிசி. எந்தப் பஸ் எப்படி மாறும் என்பதை ரிரிசி தன் வருடாந்தச் சேவைத் திட்டத்தில் முடிவு செய்கிறது. அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. ரயில் நிலையத்தின் பெயருக்கு நாங்கள் கூடிக் கதைக்கும் அளவுக்கு, இந்தக் கருத்துக் கேட்பில் எங்கள் குரல் கேட்பதில்லை.

அங்கே கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பவை நான்கு. ரயில் ஓடத் தொடங்கி, சனம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் வரை மேலே உள்ள பஸ்சைக் குறைக்கக் கூடாது. குறைத்தாலும் இத்தனை நிமிடத்துக்கு மேல் இடைவெளி போகாது என்று ஓர் எல்லையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிலையங்களுக்கு நடுவே உள்ள தரிப்பிடங்களை, குறிப்பாக முதியோர் குடியிருப்புகளுக்கும் வைத்தியசாலைக்கும் முன்னால் உள்ளவற்றை, எடுக்கக் கூடாது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று மட்டும் எண்ணாமல், வேறு வழியில்லாதவர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து ஸ்பொன்சரில் வந்த பெற்றோர் பகலில் தனியே வெளியே போய்வர இருக்கும் ஒரே வழி பல வீடுகளில் பஸ்தான். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அவர்கள் கோயிலுக்கும் கடைக்கும் வைத்தியரிடமும் போவது அதில்தான். அது அரை மணித்தியாலத்துக்கு ஒன்றாகிவிட்டால் அவர்கள் முறைப்பாடு எழுதப்போவதில்லை. வெளியே போவதைக் குறைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள். கருத்துக் கேட்பு அறிவித்தல் தபாலில் வந்தால், அதை வாசித்துச் சொல்லி அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.