ஊக்கத்தின் ஊற்று

ஆட்டக்காரர் ஒருவர் ஒருநாள் வாகை சூடுவது பெரிதன்று. பல்லாண்டுகள் உச்சியிலே நிலைத்திருப்பதுதான் பெரிது. காலம் செல்லச் செல்ல உடல் தளரும். புகழும் பழகிப் புளித்துப்போகும். அதன் பின்னரும் ஒருவரை நாள்தோறும் திடலுக்கு அழைத்து வருவது யாது?

இவ்வினாவுக்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பல்லேபொலவிலிருந்து தெற்கே, மாத்தளை நகரைக் கடந்து கண்டி வீதி வழியே சென்றால் கட்டுகஸ்தோட்டை வரும். அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியிலேதான் முத்தையா முரளிதரன் பந்து வீசப் பழகினார்.

1972ஆம் ஆண்டு கண்டியிலே, பிஸ்கட் தொழில் நடத்திய தமிழ்க் குடும்பத்திலே பிறந்தவர் அவர். அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. மணிக்கட்டோ வியக்கத்தக்க சுழற்சி உடையது. பள்ளியில் வேகப்பந்து வீசிவந்த சிறுவன், பயிற்சியாளரின் யோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினான். குறையென்று தோன்றிய கையே கருவியாயிற்று.

அக்கையே சோதனையும் ஆயிற்று. பந்தை வீச வேண்டுமேயன்றி, மடங்கிய முழங்கையை நிமிர்த்தி எறிதல் ஆகாது என்பது விதி. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் நகரில், அவர் எறிகிறார் எனக் கருதிய நடுவர் ஏழு முறை ‘நோ போல்’ என அறிவித்தார். 1999இல் அடிலெய்டிலும் இக்குற்றச்சாட்டு எழுந்தது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார். தோழர்கள் தோள் கொடுத்தபோது தனி மனிதரின் துயரம் அணியின் வழக்காக மாறியது.

முரளிதரன் வசைக்கு வசை கூறவில்லை; ஆய்வுகூடத்துக்குச் சென்றார். பேர்த் நகரிலும் ஹொங்கொங்கிலும் அவருடைய கை அளந்து பார்க்கப்பட்டது. 2004இல் முழங்கை அசையாதபடி கவசம் பூட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கமெராக்களின் முன் பந்து வீசிக் காட்டினார். பெரும்பாலான பந்துவீச்சாளரின் முழங்கையும் சிறிதளவு நிமிரவே செய்கிறது, வெறுங்கண்ணால் அதனைக் காண இயலாது என்பது ஆய்வுகளால் தெளிவாயிற்று. 2005இல் சர்வதேசக் கிரிக்கெட் சபை 15 பாகை வரை அதனை அனுமதித்தது.

இதற்கிடையே பயிற்சி ஒருநாளும் நிற்கவில்லை. வலப்புறமாகத் திரும்பும் பந்தோடு, எதிர்ப்புறம் திரும்பும் ‘தூஸ்ரா’வையும் அவர் தேர்ந்துகொண்டார். மட்டையாளர் பழையதைக் கற்று முடிக்குமுன் புதியதொன்றை உருவாக்கும் இந்த ஆவலே, நீண்ட ஆட்டவாழ்வின் உயிர்நாடி. 2007 டிசம்பர் 3ஆம் நாள், சொந்த ஊராகிய கண்டியின் அஸ்கிரிய மைதானத்திலே, ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையைக் கடந்தார்.

2010 ஜூலையில் காலியில் நடைபெற்ற இந்தியாவுடனான போட்டியே தமது இறுதி டெஸ்ட் என அறிவித்தபோது, அவரது கணக்கில் இருந்தவை 792 விக்கெட்டுகள். எட்டுக் குறைந்தால் குறையட்டும் எனத் துணிந்த முடிவு அது. ஆயினும் டெஸ்ட் வாழ்வில் அவர் வீசிய கடைசிப் பந்திலே 800ஆவது விக்கெட் வீழ்ந்தது.

பரிசும் பாராட்டும் வெளியிலிருந்து பெய்யும் மழை. பெய்தாலும் பெய்யும், பொய்த்தாலும் பொய்க்கும். தொழிலின்மீது கொண்ட தீராக் காதலோ உள்ளே சுரக்கும் ஊற்று. பதினெட்டு ஆண்டுகளாக அக்கையைச் சுழல வைத்தது அவ்வூற்றே.