நஞ்சு இரைக்கு, மிரட்டல் எதிரிக்கு

நல்ல பாம்பின் படம் தனியொரு உறுப்பு அல்ல. கழுத்துப் பகுதியின் விலா எலும்புகள் நீண்டிருக்கின்றன. தசைகள் இழுத்ததும் அவை பக்கவாட்டில் விரிய, மேலே உள்ள தளர்ந்த தோல் இழுபட்டுத் தட்டையாகிறது. இதனால் ஒரு எலிகூட வாயில் விழப்போவதில்லை. எதிராளிக்குத் தன்னைப் பெரிதாகக் காட்டுவது ஒன்றே பயன். பல்லில் நஞ்சிருக்க இந்த மிரட்டல் எதற்கு? நஞ்சு முதன்மையாக இரையை வீழ்த்த உருவானது. எதிரியை விரட்டும் வேலையைப் பெரும்பாலும் உடம்பின் மற்ற பாகங்களே ஏற்றிருக்கின்றன என்பதுதான் பொருத்தமான விடை. கடிக்கப் போனால் கீரியின் பல்லுக்கு எட்டும் தூரத்தில் தலையைக் கொடுக்க வேண்டும். கீரிக்கோ நாகத்தின் நரம்பு நஞ்சைத் தாங்கும் வல்லமையும் உண்டு.

சுருட்டை விரியனைப் பாருங்கள். அதன் பக்கவாட்டுச் செதில்கள் சாய்வாக அமைந்து, ரம்பம்போல் பல் பல்லாக இருக்கும். ஆபத்து வந்தால் உடலை வளைவு வளைவாக மடித்து, அந்த மடிப்புகளை எதிரெதிர்த் திசையில் தேய்க்கும். சூடான கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒலி எழும். மூச்சுவிட்டுச் சீறினால் ஈரம் போகும், வறண்ட நிலத்தில் அது கட்டுப்படியாகாது என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவில் முட்டை தின்னும் நஞ்சற்ற பாம்பு ஒன்றும் இப்படியே செதிலைத் தேய்த்து ஒலி எழுப்புகிறது. நஞ்சே இல்லாமலும் மிரட்டல் பலிக்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மண்ணுளிப் பாம்பு தலையைச் சுருளுக்கடியில் ஒளித்து, மழுங்கிய வாலைத் தலைபோல் காட்டும். வாலில் அடிபட்டால் பிழைக்கலாம். எதிரியை ஏய்க்க வந்த வால் மனிதரையும் ஏய்த்து ‘இருதலைப் பாம்பு’ என்று பெயர் வாங்கி, கள்ளச்சந்தையில் அதற்கே வினையானது தனிக்கதை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பீடு; நஞ்சு தற்காப்பு இல்லையா என்று கேட்கலாம். பாம்பு தற்காப்புக்குக் கடிப்பது உண்மைதான். ஆனால் சில மணி நேரம் கழித்து வரும் சாவு, இப்போது கவ்வ வரும் எதிரியைத் தடுக்காது. உடனே வலிக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தது தூங்குபவருக்குப் பல நேரங்களில் தெரிவதுகூட இல்லை. சாவுக் கணக்கைவிட வலுவான மறுப்பு, நஞ்சு உமிழும் நாகங்கள். இவற்றின் நஞ்சில் ஒரு நொதி செல்நச்சுகளோடு சேர்ந்து கண் வலியைக் கூட்டுகிறது என்றும், உமிழும் பழக்கம் மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியது என்றும் 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆக, நஞ்சைத் தற்காப்புக்குத் திருப்ப முடியும். அதற்கு நஞ்சு மட்டும் மாறினால் போதாது. இந்த நாகங்களின் நச்சுப்பல்லில் துளை சிறுத்து, வட்டமாகி, முன்னோக்கித் திரும்பியிருக்கிறது.