உறைந்த குளத்தில் மீன் எப்படிப் பிழைக்கிறது?

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்புறக் குளம் முதல்முறை உறைந்தபோது, பதறிப்போய் சுத்தியலால் ஐஸை உடைத்தேன். மறுநாள் இரண்டு தங்கமீன்கள் செத்துக் கிடந்தன. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி அதிகம். அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். ஆகவே குளம் போதிய ஆழமாக இருந்தால் தங்கமீன் அடியில் தாக்குப்பிடிக்கும். அதற்கு ஆபத்து மூச்சுத்திணறல்தான். அழுகும் இலைகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஐஸ் மூடியிருந்தால் கெட்ட வாயு வெளியேறாது.

அதற்காக அடித்து உடைக்கக் கூடாது. அதிர்வு தண்ணீர் வழியே மீனைத் தாக்கும். இப்போதெல்லாம் வெந்நீர்ப் பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து ஓட்டை போடுகிறேன். இலைகளை முன்பே அள்ளிவிடுகிறேன். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனியும் கிடையாது, செரிக்காதுங்க.