“இங்கேதான் இருக்கிறேன்!”

மாசி மகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரையில் ஒரு முறையேனும் நின்ற நேயர்களுக்கு நாம் சொல்லப்போகும் சங்கடம் புதிதல்ல. மயிலம் முருகப் பெருமான் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அந்நாளில், கடலலைக்கு எதிரே ஜன அலை ஒன்று திரண்டு நிற்கும். வடக்கே பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பத்தைக் கடந்து, மறுபடியும் புதுவை மண்ணில் இறங்கும் வரையில் எட்டுப் பேரும் ஒன்றாகவே இருக்கிறார்கள். தரிசனம் முடிந்து திரும்பிப் பார்த்தால் ஆறு பேர்தான் நிற்கிறார்கள். பாட்டியையும் பேரனையும் காணோம்!

“ஆளுக்கொரு செல்பேசி இருக்கிறதே, கூப்பிட்டால் போகிறது” என்று நேயர்கள் சொல்லலாம். கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கே தெரியும் அதன் லட்சணம். செல்பேசி, பக்கத்தில் நிற்பவருடன் நேராகப் பேசுவதில்லை, கோபுரத்துடன் பேசுகிறது. ஒரு கோபுரம் ஒரே சமயத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் கொடுக்கும் என்ற வரையறை உண்டு. எல்லோரும் ஏக காலத்தில் எண்ணை அழுத்தினால் பலருக்கு வழி கிடைப்பதில்லை. நூறு கஜ தூரத்தில் நிற்கும் பாட்டி, நூறு மைலுக்கு அப்பால் போய்விட்டாற்போல் ஆகிவிடுகிறாள்.

இந்தத் தொல்லைக்கு மாற்றாகச் சிலர் நாடுவது, ‘வாக்கி டாக்கி’ என்று எல்லோரும் அழைக்கும் இருவழி வானொலிக் கருவி. கனடா தேசத்து டொனால்ட் ஹிங்ஸ் என்பவர் 1937-இல் இதன் முன்னோடிகளில் ஒன்றை அமைத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் ஏந்திய கருவி சுமார் 5 ராத்தல் எடை. தரையில் ஒரு மைல் தூரம் பேசலாம். இன்று அது சட்டைப் பையில் அடங்குகிறது. இதற்குக் கோபுரம் வேண்டாம். மாதச் சந்தா வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்க முடியாது என்பது சில குடும்பங்களுக்குப் பெரிய அனுகூலமாகவும் இருக்கக்கூடும்!

புதுவைக் கடற்கரைக்கு இவ்விதக் கருவி அந்நியமானதல்ல. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் இப்பகுதியில் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. தொலைபேசி வசதி குறைவாக இருந்தபடியால், வில்லியனூர் நடு நிலையத்தைக் கிராமங்களோடு இணைக்க இருவழி வானொலியையும் பயன்படுத்தினார்கள். ஆடி மாதத் தேர்த்திருவிழாவுக்குப் பெயர் போன வீராம்பட்டினத்தில், கடலில் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற செய்தி ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தில் அத்தகைய ஒலிபெருக்கி எழுப்பிய எச்சரிக்கை ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. யந்திரம் மட்டும் அதைச் செய்யவில்லை. அந்தக் குரல் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊரார் அறிந்திருந்தார்கள். நமது விஷயத்தின் சாரமும் அதுவேதான்.

பிள்ளைச்சாவடிக் குடும்பத்தின் கையில் இரண்டு கருவிகள் இருந்தன என்றே கொள்வோம்.

“பாட்டி, எங்கே இருக்கிறீர்கள்?”

“இங்கேதான் இருக்கிறேன்!”

“இங்கே என்றால் எங்கே?”

“பலூன்காரன் பக்கத்தில்தான், அப்பா!”

கடற்கரையிலோ பலூன்காரர்கள் முப்பது பேர்! கருவி குரலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது, இடத்தைக் கொண்டுவரவில்லை. இதற்குமேல் நாயனமும் வாணவெடியும் காதை அடைக்கின்றன. மனித உடல்கள் வானொலி அலையை ஓரளவு விழுங்கிவிடுவதால், நெருக்கமான கூட்டத்தில் பெட்டியின்மேல் அச்சிட்ட தூரம் கிடைப்பதில்லை. அதே அலைவரிசையில் வேறொரு குடும்பமும் தன் பாட்டியைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு 2018-இல் வெளியான விதிகள் விலக்கு அளிக்கின்றன. தனி உரிமம் வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ட கருவியையும் வாங்கி, போலீஸாரும் தீயணைப்புப் படையினரும் பேசும் அலைவரிசையில் புகுந்தால், நம் பாட்டியைத் தேடப் போய் பிறர் உயிருக்கு உலை வைத்தவர்களாவோம்.

1946-இல் அலகாபாத்தில் ராஜாராம் திவாரி என்பவர், கும்பலில் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க ஒரு முகாம் தொடங்கினார். தகரக் குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூவியதுதான் அதன் ஆரம்பம். தொலைந்தவர் வந்து சேர ஓர் இடம், தேடுகிறவர் வந்து கேட்க அதே இடம். அவருடைய வெற்றிக்கு இதைவிட வேறு ரகசியம் இல்லை.

ஆகையால் திருவிழாவுக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இது. கருவி வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். வாங்கினால், ஒன்று பாட்டியுடன் செல்பவரிடமும் மற்றொன்று முன்னே நடப்பவரிடமும் இருக்கட்டும். வீட்டிலேயே ஒரு நாள் பேசிப் பழகுங்கள். ஆனால் பந்தலில் கால் வைத்ததும், இடம் விட்டு நகராத ஓர் அடையாளத்தை எல்லோருக்கும் காட்டுங்கள்: கோயில் வாயில், விளக்குக் கம்பம், போலீஸ் உதவிக் கூடாரம், எதுவானாலும் சரி. “பிரிந்தால் இங்கே வந்து நிற்க வேண்டும், தேடி அலையக் கூடாது” என்று சொல்லுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் பெற்றோரின் எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். செல்பேசியில் பேச முடியாவிட்டாலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். அதையும் முயன்று பாருங்கள்.

அப்படிச் செய்தால், “எங்கே இருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பாட்டி, “நீ காட்டிய கம்பத்தடியில்தான்; நீங்கள்தான் தொலைந்துபோய்விட்டீர்கள்!” என்று பதில் சொல்வாள். அந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்படாத பேரன் யார்?