ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்: அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாண்டிசோரி ஏன் பிடிக்கிறது?

திருநெல்வேலியில் பாபநாசம் பஸ் ஏறினால் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையை ஒட்டியே போகலாம். 'மாண்டிசோரி' என்று போர்டு வைத்திருப்பவை பெரும்பாலும் தனியார் நர்சரி பள்ளிகள்தான். அந்தப் பெயருக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது, யார் வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதனாலேயே இது காசு இருக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கான சமாச்சாரம்னு நமக்கு ஒரு நினைப்பு.

ஆனால் இந்த முறை அதிகம் தேவைப்படும் இடம், அதே ரோட்டில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஏன்னு ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்பு ஐந்து. அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டார வள மையத்தில் கூட்டம் என்று போய்விட்டால், மிச்சமிருக்கும் ஒரு டீச்சர் முன்னால் ஐந்து வகுப்பும் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது மற்ற நாலு வகுப்பும் என்ன செய்யும்? "சத்தம் போடாம எழுதுங்கலே" என்பதைத் தவிர வேறு என்ன வழி?

ரோமில் ஒரு குடியிருப்பு

மரியா மாண்டிசோரி இத்தாலிய டாக்டர். 1907 ஜனவரி 6-ம் தேதி, ரோமில் சான் லொரன்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளைகள்தான் அங்கே வந்தவர்கள். ஆக, ஆரம்பத்தில் இது பணக்காரப் பள்ளியே இல்லை.

1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். வந்த இடத்தில் போர் மாட்டிவிட்டது. 1940-ல் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் குதித்ததும் இவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். பிறகு விட்டார்கள் என்றாலும், போர் முடியும் வரை இருவரும் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. கொடைக்கானலில் இருந்த நாட்களில்தான் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பாடங்களை விரிவாக வளர்த்தார். தொடக்கப் பள்ளி மாண்டிசோரிக்கு நம்ம ஊர் மலையும் ஒரு தொட்டில்னு தாராளமா சொல்லலாம்.

முறை என்ன?

மூன்றே விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, வயது கலந்த வகுப்பு: 3 முதல் 6, 6 முதல் 9 என்று சேர்ந்தே உட்காருவார்கள். இரண்டு, பிள்ளை தன் வேகத்தில் போகும். மூன்றாவதுதான் முக்கியம். கையில் இருக்கும் பொருளே தப்பைக் காட்டிக்கொடுக்கும். பத்து குழி உள்ள ஒரு மரக்கட்டை, அதில் பொருந்த பத்து உருளை. ஒன்றை மாற்றிச் செருகினால் கடைசியில் ஒரு உருளை குழிக்குள் போகாது. "தப்பு" என்று சொல்ல டீச்சர் அங்கே நிற்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஈராசிரியர் பள்ளியை நினைத்துப் பாருங்கள். வயது கலந்த வகுப்பு அங்கே ஏற்கனவே இருக்கிறது. வேற வழியில்லாமல் இருக்கிறது. மாண்டிசோரி அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. அவர் கணக்குப்படி அதுதான் வகுப்பு.

அந்த அட்டைகள் ஞாபகம் இருக்கா?

இருபதுகளின் நடுவில் இருப்பவரா, அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியென்றால் முயல், அணில் என்று படம் போட்ட அட்டைகளும், சுவரில் ஒட்டிய ஏணிப்படியும், தரையை ஒட்டி ஆளுக்கொரு கரும்பலகையும் ஞாபகம் வரலாம். அதுதான் செயல்வழிக் கற்றல், 'ஏ.பி.எல்.'

1990-களில் வேலூர் கலெக்டராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகளில் இதற்கான விதையைப் போட்டார். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 பள்ளிகளில் முயன்று பார்த்து, பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் முழுக்கக் கொண்டுபோனார். 2007-08-ல் மாநிலம் முழுவதும் சுமார் 37 ஆயிரம் பள்ளிகளில் நாலாம் வகுப்பு வரை வந்தது. நெல்லை மாவட்டமும் அதில் அடக்கம். அச்சு அசல் மாண்டிசோரி இல்லை இது. மதனப்பள்ளி பக்கம் உள்ள ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையும் மாண்டிசோரியின் பொருட்களும் கலந்த கலவை.

வகுப்பில் ஆறு குழு. முதல் குழுவுக்கு டீச்சர் முழுசாக உதவுவார், அடுத்ததற்குக் கொஞ்சம். அடுத்த இரண்டு குழுக்களில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் உதவி. ஐந்தாவது தானாகப் படிப்பது, ஆறாவது மதிப்பீடு. டீச்சர் பாயில் உட்கார்ந்துவிடுவார்.

ஆசிரியர்களுக்கு இது ஏன் பிடித்தது என்பதன் விடை அந்தப் பாயில்தான் இருக்கிறது. மேஜைக்குப் பின்னால் நின்றால் ஒரு வகுப்பு தெரியும். கீழே உட்கார்ந்தால் தனித்தனிப் பிள்ளை தெரியும். 'ற'வையும் 'ர'வையும் குழப்புகிறானா, கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிறாளா என்பது பரீட்சைத் தாள் வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தெரிந்துவிடும். மற்ற நாலைந்து குழுவும் தன் வேலையைத் தானே பார்ப்பதால்தான் டீச்சருக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கிறது.

இன்னொரு காரணம் நம்ம பக்கத்துக்கே உரியது. ஆச்சி ஊரில் அம்மன் கோவில் கொடை என்று பிள்ளை ஒரு வாரம் வராது. பிசான நடவு சமயம் அம்மா விடிவதற்குள் வயலுக்குப் போய்விட்டால் அன்றும் லீவுதான். வழக்கமான வகுப்பில் பாடம் அவனை விட்டுவிட்டு ஓடியிருக்கும். ஏணிப்படியில், விட்ட அட்டையிலிருந்து எடுத்துக்கொள்வான். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமே இல்லை.

கொஞ்சம் யோசித்தால் இதெல்லாம் நமக்கு அவ்வளவு புதுசும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால்தான் எழுதினார்கள், சட்டாம்பிள்ளைதான் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் இதைப் பார்த்துவிட்டு, 1797-ல் லண்டனில் எழுதி வெளியிட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்தும் விரல் வழியாக எழுத்தை மனதில் ஏற்றுவதுதான். இவர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் ஒரு பாயை விரித்து 'இது என் இடம்' என்று வைத்துக்கொள்ளும். கோரைப் பாய்க்கு பத்தமடை இருக்கிறது. ஊற்ற, அளக்க, அடுக்க அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் இருக்கிறது. இறக்குமதிப் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. நூற்றுக்கணக்கான அட்டையில் இரண்டு காணவில்லை என்றால் ஏணியில் ஒரு படி இல்லை என்று அர்த்தம். "புக் இல்ல, ஹோம்வொர்க் இல்ல, என்னதான் படிக்கான்?" என்று பெற்றோர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. நாலாம் வகுப்பு வரை பாயில் இருந்த பிள்ளை, ஐந்தில் திடீரென்று வேறு மாதிரியான வகுப்புக்குள் போக வேண்டியிருந்தது.

கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கும் யோசனை அதே பழைய இழைதான். ஆனால் செல்போன் ஆப்பில் மதிப்பீட்டைப் பதிவேற்றவே நேரம் போகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் புகார். பாயில் உட்காரக் கிடைத்த அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் ஆப் சாப்பிடுகிறது.

மாண்டிசோரி என்ற பெயரோடே வந்த திட்டத்தின் கதையும் பாருங்கள். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பாடம் நடத்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையே அனுப்பினார்கள். ஏற்கனவே ஆள் இல்லாத இடத்திலிருந்து எடுப்பதா என்று எதிர்ப்பு. 2022-ல் அவர்களைத் திரும்ப அழைத்து, வகுப்புகளையே நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. அதற்கும் எதிர்ப்பு. கடைசியில் வகுப்புகள் தொடர்ந்தன, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களோடு.

மூன்று வயதுப் பிள்ளையைக் கவனித்துப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது மாண்டிசோரியின் அடிப்படை. அந்த வேலைக்கு நாம் வைத்த விலை, ஒரு நாளைக்கு 170 ரூபாய்கூட இல்லை.