மாவிட்டபுரத்து வாசலும் செம்மண் தோட்டமும்

வடக்கின் இருபதாம் நூற்றாண்டு – தொடர் 9

1968ஆம் ஆண்டு தமிழரசுக் கட்சியின் முன்னால் இரண்டு கோயில்கள் நின்றன.

ஒன்று திருகோணமலைக் கோணேஸ்வரம். டட்லி சேனநாயக்க அரசில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்த மு. திருச்செல்வம், கோணேஸ்வரச் சூழலைப் புனித பிரதேசமாக அறிவிப்பது பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பைக் கேட்ட பிரதமர், அமைச்சரைக் கலக்காமலே குழுவின் வேலையை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார்; கட்சியும் அரசிலிருந்து வெளியே வந்தது. மாவட்ட சபைத் திட்டத்தை டட்லி கைவிட்டதில் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தது உண்மைதான். ஆனால் கடைசி முடிச்சை அவிழ்த்தது ஒரு கோயில்.

மற்றது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். கட்சித் தலைவர் செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறையில், கீரிமலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அதே ஆண்டு ஆடித் திருவிழாக் காலத்தில் தமிழர்களே அந்தக் கோயில் வாசலில் குந்தியிருந்து, உள்ளே போய்க் கும்பிட விடுங்கள் என்று கேட்டார்கள். வாசலை மறித்து நின்றவர்களும் தமிழர்களே. கோணேஸ்வரத்துக்காக அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்த கட்சி, மாவிட்டபுரத்து வாசலுக்குக் கட்சியாக வரவில்லை. அந்த விலகலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சென்ற வாரம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைப் பார்த்தோம். ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1920களிலேயே சமபந்தி பேசினார்கள். பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்றதும் சில ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும் பிரச்சினை அங்கேதான் நின்றது. 1940களில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் விடாமுயற்சிக்குப் பிறகு, 1957இல் 21ஆம் இலக்கச் சட்டமாகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டி ஒருவரைக் கோயிலிலோ கடையிலோ தடுப்பது அன்றிலிருந்து குற்றம். நல்லூர் போன்ற சில பெரிய கோயில்கள் 1950களிலேயே வாசலைத் திறந்திருந்தன. ஊர்க்கோயில்கள் பலவும் தேத்தண்ணிக் கடைகளும் சட்டத்தைச் சட்டை செய்யவில்லை. ஒருவருக்குக் கிளாஸில் தேநீர், இன்னொருவருக்குப் போத்தலில் அல்லது சிரட்டையில் என்ற வழக்கம் 1960களின் நடுப்பகுதி வரை சங்கானையிலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் நடந்தது.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. "சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்" என்பது அதன் முழக்கம். சுன்னாகத்தில் பொலிஸார் அடித்தார்கள். அடிபட்டவர்கள் கலையாமல் யாழ்ப்பாணம் வரை நடந்து முற்றவெளியில் கூட்டம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு, பின்னர் மாவிட்டபுரத்து வாசலில் குந்தியிருந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. எஸ். ரி. என். நாகரத்தினம், எழுத்தாளர் கே. டானியல், கே. ஏ. சுப்பிரமணியம் முதலியோர் முன்னணியில் நின்றார்கள். பின்னால் இருந்தது நா. சண்முகதாசன் தலைமையிலான, பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி.

சண்முகதாசன் கொழும்பில் தொழிற்சங்கத் தலைவராக வளர்ந்தவர். சம்பளம், வேலை நேரம், வேலைநிறுத்தம் என்பவையே அவருடைய அன்றாட மொழி. அப்படிப்பட்டவர் கோயில் வாசலுக்கு ஏன் வரவேண்டும் என்ற கேள்வியை இடதுசாரிகளுக்குள்ளேயே பலர் கேட்டார்கள். கடவுளை நம்பாத கட்சி, கடவுளைக் கும்பிடும் உரிமைக்காக அடிவாங்குவதா? கூலியும் காணியும் அல்லவா முதல்? தொழிலாளி கோயிலுக்குள் போய் என்ன காணப்போகிறான்? மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விகள். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணில் யாருக்கு எது சொந்தமாக இருந்தது என்று பார்த்தவர்களால் அப்படிக் கேட்க முடியாது.

தோட்டக் காணி வேளாளருடையது. அந்தத் தோட்டத்தில் கொத்தி, நட்டு, இறைத்தவர்களின் கொட்டில்களும் பெரும்பாலும் அதே காணிக்காரரின் வளவில்தான் நின்றன. கிணறும் அவருடையது, வாளியை மற்றவர் தொடமுடியாது, அவர் ஊற்றும்போது குடத்தைப் பிடிக்கவேண்டும். கள்ளுச் சீவுகிறவருக்குத் தொழில் பனையில், பனையோ காணிக்காரரின் வேலிக்குள். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் குடிமை வேலை செய்தே ஆகவேண்டும். இவற்றையெல்லாம் கையில் வைத்திருந்த குடும்பங்கள்தான் கோயிலிலும் இருந்தன. தர்மகர்த்தா அவர்களில் ஒருவர். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். சுவாமி உள்வீதி சுற்றும்போது யார் பக்கத்தில் நடக்கிறார், யார் வெளிவீதியில் நிற்கிறார், யார் அதற்கும் அப்பால் மதிலோரம் நிற்கிறார் என்பதைப் பார்த்தால் அந்த ஊரின் காணி உறுதிகளை வாசித்த மாதிரி.

ஆகவே கோயிலுக்குள் போகக் கேட்டவர், அதே மூச்சில் வேலையையும் தண்ணீரையும் குடியிருக்கும் நிலத்தையும் பணயம் வைத்தார். எதிர்த்துக் கேட்ட ஊர்களில் வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள், வளவை விட்டு எழும்பச் சொன்னார்கள், கிணற்றை மூடினார்கள். கும்பிடக் கேட்ட மனிதனுக்குக் கூலியால் பதில் வந்தது. சமயம் வேறு, பொருளாதாரம் வேறு என்று கொழும்பிலும் கட்சிப் பணிமனைகளிலும் பிரித்துப் பேசியவர்களுக்கு, வாசலை மறித்தவர்களே அவை பிரியாதவை என்று காட்டினார்கள்.

அப்படியென்றால் 1960களில் மட்டும் எப்படித் துணிந்தார்கள்? மாவிட்டபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, ஊர்க் காணிக்காரரின் கையில் இல்லாத ஒரு சம்பளத்தை அந்தப் பகுதிக்குள் கொண்டுவந்தது. இலவசக் கல்வி ஒரு தலைமுறையை எழுத வாசிக்க வைத்தது. துலா மிதித்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் காசுப் பயிர்களாகப் பெருகப் பெருக, பரம்பரைக் குடிமையின் இடத்தில் நாட்கூலி வந்தது. கையில் சொந்தக் காசு வந்தவர்கள்தான் வாசலுக்கு வந்தார்கள். பொருளாதாரம் திறந்துவிட்ட இடைவெளிக்குள் கோயில் போராட்டம் புகுந்தது. அந்தப் போராட்டமோ, கூலி பேசும்போது நிமிர்ந்து நிற்கும் துணிவை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

வாசலின் மறுபக்கம் நின்றவர் சாதாரண ஆள் அல்ல. சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். பிறகு அந்த அரசை விட்டு வெளியேறியவர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்றவர்கள் வாய் திறக்கமுன்பே சொன்னவர், அடங்காத் தமிழர் முன்னணி என்ற பெயரில் அரசியல் நடத்தியவர். அவரே ஆகம மரபைக் காக்கிறேன் என்று தன் கூட்டத்தோடு மாவிட்டபுரத்து வாசலை மறித்தார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கும் இழுக்கப்பட்டார். அவருடைய அறிவையோ துணிவையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தமிழருக்கு ஒரு நாடு கேட்டவர், தமிழரில் ஒரு பகுதியினரைக் கந்தனின் வாசலில் நிறுத்தினார் என்பதை வரலாறு மறக்கக்கூடாது. அந்த நாட்டுக்குள் அவர்களுக்கு எந்த வீதி என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

செல்வநாயகத்தின் நிலை வேறு. அவர் சாதி வெறியர் அல்லர். கட்சி மாநாடுகளில் தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறின. ஆனால் அவர் ஒரு கிறிஸ்தவர். சைவத் தொகுதியில் நிற்பவர். 1952இல் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன் நடேசனிடம் தோற்ற தேர்தலில் அவருடைய மதம் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. கோயில் விவகாரத்தில் ஒரு கிறிஸ்தவர் தலையிடலாமா என்ற கேள்வி எழுமுன்பே அவர் ஒதுங்கிக்கொண்டார். கட்சியின் வாக்குகளில் பெரும்பகுதி வாசலை மறித்தவர்களின் சாதியிலிருந்துதான் வந்தது என்பதும் சேர்ந்தது. முதலில் மொழியுரிமை, தமிழர் ஒற்றுமை; வீட்டுக்குள் இருக்கிற பிணக்கைப் பிறகு பார்ப்போம் என்பதே கட்சியின் எண்ணம். பீக்கிங் கம்யூனிஸ்டுகள் தமிழரைப் பிரிக்க வந்தவர்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. பிரிவு ஏற்கெனவே மதிலாக எழும்பி நின்றது. அதைச் சுட்டிக்காட்டியவர்களைப் பிரிவினைக்காரர் என்பது எந்த நியாயம்?

இடதுசாரிகளும் பழியிலிருந்து தப்பமுடியாது. 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து, சமசமாஜக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் சிறிமாவோவின் கட்சியோடு சேர்ந்து கொழும்பு வீதியில் இறங்கின. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எந்த இடதுசாரி வாய் திறந்தாலும் அந்த ஊர்வலத்தின் நிழல் அவர்மேல் விழுந்தது. அதில் கலந்துகொள்ளாத சண்முகதாசன் அணியும் தேசிய இனப் பிரச்சினைக்குத் தெளிவான விடை வைக்கவில்லை. கோயில் வாசலில் சரியாக நின்றவர்கள் மொழி விடயத்தில் தடுமாறினார்கள். மொழி விடயத்தில் உறுதியாக நின்றவர்கள் கோயில் வாசலுக்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசிய ஓர் இயக்கம் அன்று யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் பின்வந்த இருபது ஆண்டுகள் வேறு மாதிரி அமைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கதவுகள் பின்னர் திறந்தன. மாவிட்டபுரம், மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் என்று கோயில் கோயிலாக மக்கள் உள்ளே போனார்கள். 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்ததும் சீவல் தொழிலாளி தவறணைக் குத்தகைக்காரரிடமிருந்து கொஞ்சம் விடுபட்டார். 1970இல் மகாசபைத் தலைவர் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். 1976 மே மாதத்து வட்டுக்கோட்டைத் தீர்மானம், பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வு ஒழிக்கப்படும், தமிழீழம் மதச்சார்பற்ற சோசலிச நாடாக இருக்கும் என்று எழுதியது. அடுத்த ஆண்டு உடுப்பிட்டியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவரான த. இராசலிங்கத்தைத் தமிழர் விடுதலைக் கூட்டணி நிறுத்தி வெல்லவைத்தது. எட்டொன்பது வருடத்துக்கு முன் வாசலுக்கு வராத கட்சியின் வழிவந்தவர்கள் இதைச் செய்தார்கள் என்றால், வாசலில் குந்தியிருந்தவர்கள்தான் அவர்களைச் செய்யவைத்தார்கள்.

காணி மட்டும் கைமாறவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானபோது மாவிட்டபுரத்து மக்கள் எல்லோரும் சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்து காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டபோது உறுதி வைத்திருந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சொந்தமாக ஒரு பரப்பும் இல்லாதவர்கள், முன்னர் பிறர் வளவில் குடியிருந்தவர்கள், மல்லாகம், கோணாப்புலம் பக்கத்து முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். திரும்புவதற்கு அவர்களுக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. கோயிலும் முழுதாக மாறிவிடவில்லை: 2018இல் வரணியில் ஒரு கண்ணகி அம்மன் கோயில் தேரை, எல்லாச் சாதியினரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கப் பெக்கோ இயந்திரத்தால் இழுத்ததையும் நாங்கள் செய்தியில் பார்த்தோம்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் உங்கள் படலைக்கு வருவார்கள். தமிழ்த் தேசியம் பேசுகிறவரிடமும் அபிவிருத்தி பேசுகிறவரிடமும் ஒரே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: உங்கள் ஊர்க்கோயில் பரிபாலன சபையில் ஊரவர் எல்லோருக்கும் உறுப்புரிமை உண்டா? காணியில்லாதவருக்குக் குடியிருக்க எத்தனை பரப்பு, எப்போது? ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றதைப் பிறகு பார்ப்போம் என்கிறவருக்கு உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)